பிளேட்டில் இருந்து ஐஐடிபேவுக்கு: சாலைத் தடிமன் கணக்கில் உண்மையில் என்ன மாறுகிறது?

கேட்டவர் நெடுஞ்சாலைப் பணியில் இருக்கும் உதவிப் பொறியாளர். அவர் சொல்லும் ஐ.ஆர்.சி. 37 என்பது தார்ச் சாலை வடிவமைப்புக்கு இந்தியச் சாலைகள் பேரவை (Indian Roads Congress) தரும் வழிகாட்டி. பிளேட் அதில் உள்ள தடிமன் வரைபடம், சி.பி.ஆர். மண்ணின் தாங்குதிறனைக் காட்டும் எண், எம்.எஸ்.ஏ. சாலை தன் ஆயுளில் தாங்க வேண்டிய நிலையான அச்சு ஓட்டங்களின் எண்ணிக்கை மில்லியனில், ஐஐடிபேவ் சாலை அடுக்குகளுக்குள் வரும் திரிபைக் கணக்கிடும் மென்பொருள். கேள்வியின் சாரம் இது: "இதுவரை ஐ.ஆர்.சி. 37-இல் இருக்கும் பிளேட்டைத் திறந்து, சி.பி.ஆர்., எம்.எஸ்.ஏ. இரண்டையும் வைத்துத் தடிமனை எடுத்து எழுதினோம். இப்போது மெக்கானிஸ்டிக்-எம்பிரிக்கல் முறையில் ஐஐடிபேவ் ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். இது உண்மையிலேயே வேறு முறையா, தார் தடிமனைக் குறைத்துக் காட்ட ஒரு வழியா? எங்களைப் போன்ற சின்ன கோட்டம் இதற்கு மாற வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?"

நீங்கள் இத்தனை நாள் பார்த்துவந்த பிளேட்டும் இந்த முறையில் கணக்கிட்டுத் தயாரித்ததுதான். 2001 திருத்தத்தில் இருந்தே அப்படித்தான். பிளேட்டைத் தயாரித்தவர்கள் ஒரு தார்க் கலவை, ஒரு மாடுலஸ் (பொருளின் விறைப்பு), ஒரு காற்றிட அளவு (இறுக்கிய கலவையில் மிஞ்சும் காற்றின் சதவீதம்) என்று சிலவற்றை முன்கூட்டியே நிர்ணயித்துக்கொண்டு உங்களுக்காகக் கணக்குப் போட்டுவைத்தார்கள். ஐஐடிபேவை நீங்களே ஓட்டும்போது அந்த நிர்ணயங்கள் எல்லாம் உங்கள் கைக்கு வந்துவிடுகின்றன. ஆகவே தடிமன் குறையுமா கூடுமா என்பது நீங்கள் உள்ளே போடும் எண்களைப் பொறுத்தது. அந்த எண்களைச் சாலையில் அளந்து எடுக்கிறீர்களா, மேசையில் உட்கார்ந்து எழுதுகிறீர்களா என்பதில்தான் இந்த முறையின் நன்மையும் ஆபத்தும் இருக்கின்றன.

பழைய முறை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். சி.பி.ஆர். சோதனை 1920-களின் இறுதியில் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் விமான ஓடுதளங்கள் அவசரமாகத் தேவைப்பட்டபோது அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள். இந்த மண்ணின் மேல் இந்தத் தடிமன் போட்ட இடங்களில் ரோடு நின்றது, அதற்குக் குறைந்த இடங்களில் அமுங்கியது என்ற அனுபவம்தான் அந்த வளைகோடுகளின் அடிப்படை. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே நடந்த ஆஷோ (அமெரிக்க மாநில நெடுஞ்சாலை அதிகாரிகள் சங்கம்) சாலைச் சோதனையும் அதே வகை. ஒரே வகை மண், ஒரே தட்பவெப்பம், அந்தக் காலத்து லாரி, சுமார் 11 லட்சம் அச்சு ஓட்டங்கள். அச்சுச் சுமை கூடினால் சேதம் ஏறத்தாழ நான்காம் படியில் கூடும் என்ற விதி நமக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. அனுபவம் பெரிய சொத்து, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அனுபவம் கிடைத்த எல்லையைத் தாண்டி அந்தக் கோட்டை நீட்டினால் அதற்கு ஆதாரம் கிடையாது. நம் ஐ.ஆர்.சி. 37-இன் 1970 பதிப்பு ஒரு நாளைக்கு எத்தனை வணிக வாகனம் என்று மட்டும் கேட்டது. 1984 பதிப்பு எம்.எஸ்.ஏ.வுக்கு மாறினாலும் 30 எம்.எஸ்.ஏ. வரைதான் போனது. தேசிய நெடுஞ்சாலைகளில் போக்குவரத்து 100 எம்.எஸ்.ஏ.வைத் தாண்டத் தொடங்கியதும் அந்தக் கோடுகளை வைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. சிமெண்ட் கலந்த அடித்தளம், பழைய தாரைச் சுரண்டி மறுபடி பயன்படுத்துவது போன்ற புதிய பொருட்களுக்கும் அவற்றில் இடம் இல்லை.

மெக்கானிஸ்டிக் என்ற பாதி செய்வது இதுதான்: சாலையை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய மீள்தன்மை அடுக்குகளாக எடுத்துக்கொண்டு, 80 கிலோநியூட்டன் நிலையான அச்சின் ஒரு பக்க இரட்டைச் சக்கரத்தை மேலே வைத்து, உள்ளே எவ்வளவு திரிபு (பளுவால் வரும் நீட்சி அல்லது சுருக்கத்தின் விகிதம்) வருகிறது என்று கணக்கிடுவது. ஐஐடிபேவில் ஒரு சக்கரத்துக்கு 20,000 நியூட்டன், டயர் அழுத்தம் 0.56 மெகாபாஸ்கல் என்று கொடுப்பீர்கள். சக்கரத்தின் நேர் கீழே ஒரு புள்ளி, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே, அதாவது 155 மில்லிமீட்டர் தள்ளி, இன்னொரு புள்ளி. தார் அடுக்கின் அடியில் வரும் கிடைமட்ட இழுதிரிபு ஒன்று, சப்கிரேடின் (அடுக்குகளுக்கு அடியில் இருக்கும் இறுக்கிய மண்) உச்சியில் வரும் செங்குத்துத் திரிபு ஒன்று. இந்த இரண்டைத்தான் தேடுகிறோம். முதலாவது அளவு மீறினால் அடியில் இருந்து விரிசல் கிளம்பி, முதலைத் தோல் மாதிரி மேலே தெரியும். இரண்டாவது மீறினால் சக்கரத் தடத்தில் சாலை பள்ளமாகும். விரிசல் 20 சதவீதப் பரப்பை எட்டினாலோ பள்ளம் 20 மில்லிமீட்டரை எட்டினாலோ சாலையின் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு.

எம்பிரிக்கல் என்ற மறுபாதி, இந்தத் திரிபை ஆயுளாக மாற்றும் சமன்பாடு. இது எந்தக் கோட்பாட்டில் இருந்தும் தானாக வருவதில்லை. உண்மைச் சாலைகளைப் பல ஆண்டுகள் கவனித்து எடுத்த தரவில் பொருத்தியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆராய்ச்சித் திட்டங்களில் இந்தியச் சாலைகளில் சேர்த்த தரவை வைத்து ஐஐடி கரக்பூரில் உருவாக்கியவைதான் நம் சமன்பாடுகள். 90 சதவீத நம்பகத்தன்மையில் 50 எம்.எஸ்.ஏ. தாங்க வேண்டுமென்றால் சப்கிரேடு திரிபு சுமார் 372 மைக்ரோவுக்கு (பத்து லட்சத்தில் 372 பங்கு) உள்ளே இருக்க வேண்டும். விஜி 40 என்ற தார் வகையில் செய்த 3,000 மெகாபாஸ்கல் கலவை, 3.5 சதவீதக் காற்றிடம், 11.5 சதவீதத் தார்க் கனஅளவு என்றால் தார் அடியின் திரிபு சுமார் 178 மைக்ரோவுக்கு உள்ளே. இந்த எண்களை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், கால்குலேட்டர் போதும். அடுக்குக்குறி (திரிபு எத்தனையாவது படியில் ஆயுளைக் குறைக்கிறது என்ற எண்) விரிசல் சமன்பாட்டில் 3.89, பள்ளச் சமன்பாட்டில் 4.5337 என்று இருப்பதன் பொருள் அப்போதுதான் உறைக்கும். தார் அடியின் திரிபு பத்தே சதவீதம் கூடினால் விரிசல் ஆயுளில் சுமார் 30 சதவீதம் போய்விடும்.

இப்போது உள்ளே போகும் எண்கள். முதலில் லாரி.

வி.டி.எஃப். (சராசரியாக ஒரு வணிக வாகனம் எத்தனை நிலையான அச்சுக்குச் சமம் என்ற காரணி) என்ற கட்டத்தில் பெரும்பாலான கோப்புகளில் 3.9 என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். சமவெளியில் நாளொன்றுக்கு 150 முதல் 1,500 வணிக வாகனம் ஓடும் சாலைக்கு, அச்சுச்சுமை ஆய்வு செய்ய வழியில்லாதபோது பயன்படுத்திக்கொள்ள ஐ.ஆர்.சி. 37-இன் 2018 பதிப்பு தரும் மதிப்பு அது. ஆய்வுக்கு அது மாற்று ஆகாது. கல்குவாரியில் இருந்து வரும் டிப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பின் அச்சில் 10.2 டன் இருந்தால் அது 2.4 நிலையான அச்சுக்குச் சமம். 14 டன் இருந்தால் 8.7. வண்டி ஒன்றுதான், எண்ணிக்கையும் ஒன்றுதான், சாலைக்கு விழும் அடி மூன்றரை மடங்கு. இரண்டு திசையும் சேர்த்து நாளுக்கு 1,000 வணிக வாகனம் ஓடும் இருவழிச் சாலைக்கு, ஆண்டுக்கு 5 சதவீத வளர்ச்சியில் 20 ஆண்டுக்குப் போடுங்கள். வி.டி.எஃப். 3.9 என்றால் சுமார் 23.5 எம்.எஸ்.ஏ. வரும். உண்மையில் அளந்தபோது 8 வந்தால் அதே சாலை 48 எம்.எஸ்.ஏ. சாலை. தார் அடுக்கில் ஐந்து மில்லிமீட்டரைக் கூட்டலாமா குறைக்கலாமா என்று வாதிடும் நேரத்தில் இந்த இரண்டு மடங்கு கண்ணில் படாமல் போய்விடுகிறது.

குவாரிச் சாலையில் ஒரு பக்கம் ஏற்றிக்கொண்டு வரும், மறுபக்கம் காலியாகப் போகும். அளவீட்டைத் திசைவாரியாகப் பிரித்து, ஏற்றிய பக்கத்தின் எண்ணை எடுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் பாதிப் பளு காணாமல் போகும். 2018 ஜூலையில் மத்திய அரசு சட்டபூர்வ அச்சுச் சுமையையே உயர்த்தியது. நான்கு டயர் ஒற்றை அச்சுக்கு 10.2 டன் என்று இருந்தது 11.5 டன் ஆனது. நான்காம் படி விதியில் அது ஓர் அச்சுக்கு 60 சதவீதம் கூடுதல் சேதம். அதற்கு முன்பு எடுத்த ஆய்வின் வி.டி.எஃப்.ஐ இன்னும் கோப்பில் வைத்திருக்கிறீர்கள் என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குப் பழகியதுதான். ஒன்றே ஒன்று: சி.பி.ஆர். இரட்டிப்பானால் மாடுலஸ் இரட்டிப்பாகாது. சி.பி.ஆர். 5-க்கு 50 மெகாபாஸ்கல், 10-க்குச் சுமார் 77. ஜல்லி அடுக்குகளின் மாடுலஸும் தனியாக நிற்பதில்லை, கீழே இருக்கும் தாங்குதிறனைப் பொறுத்தே ஏறும். ஜி.எஸ்.பி.யும் (ஜல்லித் துணை அடித்தளம்) டபிள்யூ.எம்.எம்.மும் (நீர் கலந்து இறுக்கும் ஜல்லி அடித்தளம்) சேர்ந்து 450 மில்லிமீட்டர் என்றால், சி.பி.ஆர். 8 மண்ணின் மேல் அவற்றுக்குச் சுமார் 208 மெகாபாஸ்கல், சி.பி.ஆர். 5 மண்ணின் மேல் 156. நல்ல ஜல்லி போட்டுவிட்டால் மட்டமான மண்ணை மறைத்துவிடலாம் என்ற நினைப்புக்கு இந்தக் கணக்கு இடம் கொடுப்பதில்லை. கீழே கெட்டியாக இல்லாவிட்டால் மேலே ரோலர் எத்தனை முறை ஓடினாலும் ஜல்லி இறுகாது என்பதைத் தளத்தில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது அடுத்த விஷயத்தை. விரிசல் சமன்பாட்டில் சி என்று ஒரு காரணி இருக்கிறது. கலவையில் எவ்வளவு காற்றிடம், எவ்வளவு தார் என்ற இரண்டையும் வைத்து அது வருகிறது. டி.பி.எம்.மின் (மேல் தார் அடுக்குக்குக் கீழே வரும் அடர்ந்த தார்க் கலவை) அடி அடுக்கைத் தார் சற்று கூடுதலாக வைத்து, காற்றிடம் 3.5 சதவீதத்துக்கு இறுக்குவோம், தார்க் கனஅளவு 11.5 என்று டிசைனில் எழுதினால் சி-யின் மதிப்பு 2.35. தளத்தில் என்ன நடக்கிறது? பிளாண்ட் தூரம், லாரி வரிசையில் காத்து நிற்கிறது, கலவை ஆறிவிடுகிறது. விஜி 40 கலவை விரிக்கும்போது 150 டிகிரிக்குக் குறையக் கூடாது, 100 டிகிரிக்கு இறங்கும் முன் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். மாலை நேரத்தில், காற்றடிக்கும் வெளியில், கையில் வெப்பமானி இல்லாமல் அது நடப்பது கஷ்டம். கோர் (சாலையைத் துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துப் பார்த்தால் காற்றிடம் 7 சதவீதம். அதே கலவை, அதே தார்தான். ஆனால் இப்போது சி-யின் மதிப்பு 0.42. அதாவது டிசைனில் எழுதிய விரிசல் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. இறுகாத கலவையின் மாடுலஸ் குறைந்து திரிபு கூடுவதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

பிளேட்டைப் பார்த்துத் தடிமன் எடுத்த காலத்தில் இந்த இழப்பு கோப்பில் எங்கும் தெரியாது. மூன்று ஆண்டில் சாலை வெடித்தால் "மழை, ஓவர்லோடு" என்று எழுதி முடித்துவிடலாம். புதிய முறையில் காற்றிடம் ஒரு டிசைன் உள்ளீடு. 3.5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், 3.5 வந்ததா என்று கோர் எடுத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர். அளக்கப் போவதில்லை என்றால், அந்த 2.35-ஐப் பயன்படுத்தித் தடிமனைக் குறைப்பது நேர்மையான டிசைன் ஆகாது. தடிமன் குறைப்புக்கு இது ஒரு வழியா என்ற உங்கள் சந்தேகத்துக்கு என் பதிலும் இதுதான்.

கோர் கையில் இருக்கும்போதே இன்னொன்றையும் பாருங்கள். பி.சி.யும் (மேல் தார் அடுக்கு) டி.பி.எம்.மும் ஒரே துண்டாக வருகிறதா, நடுவில் பிரிந்து வருகிறதா? பிரிந்த முகத்தில் மண்தூசி ஒட்டியிருந்தால் டாக் கோட் (இரண்டு அடுக்குகளை ஒட்டவைக்கும் தார்த் தெளிப்பு) வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஐஐடிபேவ் அடுக்குகள் முழுதாக ஒட்டியிருப்பதாக வைத்துத்தான் கணக்கிடுகிறது. ஒட்டாத இடத்தில் ஒரு தடித்த அடுக்கு இரண்டு மெல்லிய அடுக்காகப் பிரிந்து வளைகிறது, மேல் அடுக்கின் அடியிலும் இழுதிரிபு வந்துவிடுகிறது. தார்ப் பரப்பின் மேல் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ எமல்ஷன் (நீரில் கலந்த தார்) என்பது விதிமுறை. டின்னில் ஓட்டை போட்டுத் தெளித்துக்கொண்டே நடந்தால் அந்த அளவு ஓரிடத்தில் குட்டையாகவும் ஓரிடத்தில் வெறுமையாகவும்தான் விழும். கம்ப்ரஸரால் பரப்பை ஊதிச் சுத்தம் செய்து, ஸ்ப்ரே பாருள்ள வண்டியால் அடிப்பதற்கு ஆகும் செலவு, மொத்த மதிப்பீட்டில் கணக்கிலேயே வராது.

இந்த முறைக்குத் தெரியாதவையும் உண்டு. கோவில்பட்டி, அருப்புக்கோட்டை பக்கத்துக் கரிசல் மண்ணில் வேலை செய்பவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். கோடையில் மண் சுருங்கும்போது சாலை ஓரத்தில் நீளவாக்கில் பிளக்கும் விரிசலுக்கு லாரி காரணம் இல்லை. சமன்பாட்டில் மண்ணின் வீக்கமும் சுருக்கமும் எங்கும் வருவதில்லை. தார் தடிமனைக் கூட்டி அந்த விரிசலை நிறுத்த முடியாது. வீங்காத மண்ணை 60 சென்டிமீட்டரில் இருந்து ஒரு மீட்டர் வரை இடையில் போடுவது, ஓரத்தில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பது, இவைதான் மருந்து. வடிகாலும் அப்படியே. ஜி.எஸ்.பி. ஓரச் சரிவு வரை நீண்டு வெளியே திறந்திருந்தால்தான் உள்ளே புகுந்த நீர் வெளியேறும். பல இடங்களில் பெர்முக்கு (சாலையோரத் தோள்) மண் கொட்டி அந்த வாயை அடைத்துவிடுகிறார்கள். மென்பொருள் அதே மாடுலஸை வைத்துப் பச்சைக்கொடி காட்டும், சாலை உள்ளே ஊறிக்கொண்டிருக்கும். சிக்னலிலும் டோல்கேட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் தார் அடுக்குக்கு உள்ளேயே நடக்கும் பிதுக்கமும் இதில் வராது. நம் சமன்பாடு பள்ளத்தைச் சப்கிரேடு திரிபின் வழியாக மட்டுமே பார்க்கிறது. அந்த இடங்களில் தாரின் தரத்தையும் கலவையின் கட்டமைப்பையும் தனியாகத் தீர்மானியுங்கள்.

சிமெண்ட் கலந்த அடித்தளம் போட்டால் தார் வெகுவாகக் குறைகிறதே என்று ஆலோசகர்கள் காட்டுவார்கள். உண்மைதான். 5,000 மெகாபாஸ்கல் மாடுலஸ் உள்ள அடுக்கு தார் அடியின் திரிபைப் பெரும்பகுதி வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த அடுக்கின் களைப்புச் சமன்பாட்டில் அடுக்குக்குறி 12. அங்கே இழுதிரிபு 10 சதவீதம் கூடினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஓவர்லோடு வண்டி ஓடும் சாலையில், அச்சுச் சுமை வகைவாரியான பட்டியல் இல்லாமல் அதைத் தேர்ந்தெடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதன் மேல் விரிசல் தடுப்பு அடுக்கை, அது சாமி (SAMI) என்ற தார்ப் படலமோ 100 மில்லிமீட்டர் ஜல்லியோ, செலவைக் குறைக்கிறோம் என்று எடுத்துவிடவும் கூடாது.

அமெரிக்காவில் 2004-இல் இந்த முறைக்கான முழு வழிகாட்டியின் வரைவு முடிந்தது, 2008-இல் ஆஷ்டோ (ஆஷோவின் பிற்காலப் பெயர்) அதை ஏற்றுப் பதிப்பித்தது. நம்முடையதை விட அது விரிவானது. மாதவாரியாக வெப்பம், ஈரம், சேதம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போகும். நாம் 35 டிகிரி, நான்கு நாள் ஊறிய மண் என்று ஒரே நிலையை வைத்து முடித்துக்கொள்கிறோம். அங்கே மாநிலங்களுக்கு அதிக காலம் பிடித்தது மென்பொருளைக் கற்றுக்கொள்வதில் இல்லை. தங்கள் சாலைகளில் உண்மையில் வந்த விரிசலையும் பள்ளத்தையும் வைத்துச் சமன்பாட்டின் மாறிலிகளைத் திருத்தும் உள்ளூர் அளவுத்திருத்தத்தில்தான் ஆண்டுகள் போயின. 1980-களின் இறுதியில் இருந்து நாடு முழுக்க நூற்றுக்கணக்கான சாலைத் துண்டுகளை விடாமல் கவனித்து வைத்த தரவு கையில் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது. நம்மிடம் குறைவது அந்தத் தரவுதான்.

ஆகவே உங்கள் கோட்டம் எங்கே தொடங்கலாம் என்றால், அடுத்த ஆண்டு வேலைப் பட்டியலில் லாரி அதிகம் ஓடும் ஒரு சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அச்சுச்சுமை ஆய்வை ஒழுங்காகச் செய்யுங்கள். நாளுக்கு 3,000 வணிக வாகனத்துக்குக் குறைவு என்றால் 20 சதவீதத்தை எடைபோட வேண்டும். டிசைன் போட்டபின், எந்த எண்ணை நம்பி இந்தத் தடிமன் வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி, அதைத் தளப் பொறியாளரிடமும் ஒப்பந்ததாரரிடமும் கொடுங்கள்: சப்கிரேடு அடர்த்தி, டி.பி.எம். காற்றிடம், தார் அளவு, அடுக்குத் தடிமன். வேலை முடிந்ததும் கோர் முடிவுகளை அதே பக்கத்தில் எதிரெதிராக எழுதுங்கள். ஐ.ஆர்.சி. 115-இன்படி எஃப்.டபிள்யூ.டி. (எடையை விழவிட்டுச் சாலை எவ்வளவு தாழ்கிறது என்று அளக்கும் கருவி) வண்டியை ஓட்ட முடிந்தால் சாலை திறந்த முதல் ஆண்டிலேயே ஒருமுறை ஓட்டி, உள்ளே கிடைக்கும் மாடுலஸ் நீங்கள் எழுதியதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதே கிலோமீட்டரில் நேர்விளிம்புக் கோல் வைத்துப் பள்ளத்தையும், விரிசல் பரப்பையும் அளந்து பதிவேட்டில் ஏற்றுங்கள். பொறியாளர் மாற்றலாகிப் போனாலும் பதிவேடு கோட்டத்திலேயே இருக்கும்படி பாருங்கள். இப்படி ஒவ்வொரு கோட்டத்திலும் ஒரு சாலை இருந்தால், நம் மண்ணுக்கும் வெயிலுக்கும் லாரிக்கும் ஏற்றபடி சமன்பாட்டைத் திருத்த ஆராய்ச்சி நிறுவனங்களுக்குப் போதுமான தரவு கிடைத்துவிடும்.

எல்லாச் சாலைக்கும் இந்த உழைப்பு தேவையில்லை. 2 எம்.எஸ்.ஏ.வுக்கு உட்பட்ட கிராமச் சாலைக்கு ஐ.ஆர்.சி.யின் கிராமச் சாலை வழிகாட்டியான எஸ்.பி. 72 போதும். அங்கே ஐஐடிபேவ் ஓட்டும் நேரத்தில் வடிகாலைப் போய்ப் பாருங்கள். 5 முதல் 50 எம்.எஸ்.ஏ. வரை வழக்கமான பொருட்களில் போடும் சாலைக்குப் பிளேட்டையே தொடரலாம். ஆனால் அது எந்தக் கலவையையும் மாடுலஸையும் வைத்துத் தயாரித்தது என்ற குறிப்பைப் படித்து, உங்கள் கலவை அதுவா என்று சரிபார்த்த பிறகே எடுங்கள். அதற்கு மேல் போனாலோ, சிமெண்ட், நுரைத்தார், பழைய தார் என்று புதிய பொருள் எதுவும் வந்தாலோ முழுக் கணக்குப் போடாமல் கையெழுத்திடாதீர்கள்.